இடது குதியில் ஒரு திருகாணி

சறுக்குச் சப்பாத்தின் நாடா நாலாவது கொளுக்கியில் அறுந்தது. இழுத்த வேகத்தில் தாட்சாயினியின் கை பின்னுக்குப் போய்ச் சுவரில் இடித்தது. வலிக்கு முன்னால் வெட்கம் வந்தது, யாராவது பார்த்தார்களோ என்று. யாரும் பார்க்கவில்லை. உடை மாற்றும் அறையில் இருந்த மற்ற நாலு பெண்களும் தங்கள் தங்கள் கால்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் நாற்பதுக்கு மேல், ஒருத்திக்கு அறுபதும் இருக்கும், மினுங்குகிற சட்டைகளுக்கு மேலே வீட்டில் போடுகிற பழைய கம்பளி மேற்சட்டைகள். மணி பத்து ஏழு. பத்து ஐம்பதுக்கு அவளுடைய பிரிவு ஐஸில் இறங்க வேண்டும். நாடாதானே, நாடா என்றால் அறுகிறதுதான், அதற்காகத்தானே போன கிழமையே இரண்டு சோடி வாங்கி உறை பிரிக்காமல் பையில் வைத்தாள். காலையில் வெளிக்கிடும்போது சட்டையின் சிப் இடுப்புக்கு மேலே ஏறமாட்டேன் என்று நின்றதும் அப்படித்தான், மெழுகுதிரியைத் தேய்த்தாள், ஏறியது. இங்கே வந்து இறங்கும்போது கார்க் கதவில் பட்டு முழங்காலுக்குப் பின்னால் காலுறையின் இழை கிழிந்து ஓடத் தொடங்கியது, நகப்பூச்சை ஒரு பொட்டு வைத்து நிறுத்தினாள். எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. சிப், காலுறை, நாடா. எண்ணாதே. எண்ணினால் நாலாவது வரும். ஐம்பத்தொரு வயதில், பல் கட்டும் ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பல் செதுக்குகிற ஒருத்தி, ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஐஸில் ஆடுவதற்காக ஒன்றரை மணித்தியாலம் கார் ஓட்டத்தில் இந்தப் பெயர் வாயில் நுழையாத ஊருக்கு வந்திருக்கிறாள். இதில் சகுனம் பார்க்க என்ன இருக்கிறது. சகுனம் என்று வாய் விட்டுச் சொல்லியிருந்தால் லோசினியக்கா சிரித்திருப்பா. லோசினியக்கா சிரிக்கும்போது முதலில் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். வேண்டாம். நாடாவைக் கோர். கீழிருந்து கோர், இரண்டு பக்கமும் ஒரே நீளம் வருகிறதா என்று பார்.

கோர்த்தாள். விரல்கள் வேலை செய்யும்போது தலை சும்மா இருப்பதில்லை, அதுதான் கரைச்சல். லோசினியக்காதான் இந்த விசரைத் தொடக்கி வைத்தது. முழுப்பெயர் பத்மலோசினி, ஸ்காபரோவில் இவளுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவ, இவளை விட நாலு வயது மூப்பு. ஏழு வருடத்துக்கு முதல் ஒரு நாள் சமூக நிலையத்தின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, "பதினொரு வருசம் பிள்ளையளுக்கு இந்தக் குளிருக்குள்ள இருந்து சப்பாத்துக் கட்டிவிட்டனான். இனி என்ர காலுக்குக் கட்டப் போறன். நீயும் வா," என்றா. போனார்கள். முதல் மாதம் முழுக்க இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், சேலை கட்டாததுதான் பாக்கி என்று லோசினியக்கா தன்னைத்தானே நக்கலடிப்பா. மூன்றாம் வருடம் பின்பக்கமாகப் போகப் பழகினார்கள். அந்த முதல் நாள், முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வழுக்கிப் போகிற அந்தப் பயத்தில் தாட்சாயினி கத்தியே விட்டாள். லோசினியக்கா கத்தவில்லை. பின்பக்கம் போவது அவவுக்குச் சந்தோசம். பின்பக்கம் போகும்போதுதான். நிறுத்து. டிக். நாடா இறுக்கும்போது இடது சப்பாத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிக். பதினாறு மாதமாக இந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. ஐஸில் கேட்கும், சில நாள் ஆய்வுகூடத்துப் படியில் சாதாரணச் சப்பாத்தோடு ஏறும்போதும் கேட்கும். ஒரு தரம் பயிற்சியாளர் ஹெதரிடம் சொன்னாள். எழுபது வயது ஹெதர் மண்டியிட்டு அவளுடைய சப்பாத்தின் அடியில் இருந்த பிளேட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்து, மலை மாதிரி நிற்கிறது, உன் தலைக்குள்தான் ஏதோ ஆடுகிறது என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். தாட்சாயினி அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

அவர் வெளியே இருப்பார். குலசிங்கம் அண்ணை, லோசினியக்காவின் புருசன். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், கறுப்பு றப்பர் விரித்த நடையில், மர வாங்கின் நுனியில், கோட்டைக் கழற்றாமல், கைகளை முழங்காலில் வைத்தபடி. அவருடைய காரில்தான் வந்தாள். அவள் கேட்கவில்லை. இவளுடைய புருசன் சிவபாலனுக்குச் சனிக்கிழமை வேலை, பஸ் இல்லாத ஊர், யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே தொலைபேசி எடுத்து, "நான் கொண்டுபோய் விடுறன்," என்றார். வரும் வழி முழுக்க ஒன்பது வசனம் பேசியிருப்பார், அதில் நாலு, வீதியைப் பற்றி. போன கோடையிலிருந்து சனிக்கிழமைப் பயிற்சிகளுக்கு அவர் வரத் தொடங்கியிருந்தார். வந்து மேல் வரிசையில் தனியாக இருப்பார். பாவம், வீட்டில் தனிமை, மனுசனுக்குப் போக்கிடம் வேண்டாமா என்று மற்றவர்கள் சொன்னார்கள். தாட்சாயினியும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. அவளுடைய கால்களைப் பார்க்கிறார். ஒருமுறை சுழன்று நிமிர்ந்தபோது கண்டாள், அவருடைய பார்வை முகத்துக்கு வரவேயில்லை, கீழே, இடது குதியில், ஆணி அடித்த மாதிரி. அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும், தெரிய வழியில்லை, அந்த இடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், ஒருத்தி போய்விட்டாள். லோசினியக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியையன்று வீட்டில் ஆட்கள் சாப்பிட்டு எழும்பிக்கொண்டிருந்த நேரம் அவர் இவளைக் குசினிக்குள் கூப்பிட்டு, "அவ எப்பிடி விழுந்தவ, தாட்சாயினி? நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?" என்று கேட்டார். "தெரியேல்லை அண்ணை. நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான்." அந்த வசனம் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு கெதியாக வாயிலிருந்து வந்தது. கையில் பாயசக் கிண்ணம் இருந்தது. அவள் மற்றப் பக்கம் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மதியம். பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கின நேரம். இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற ஓர் ஆட்டத்தைப் பழகிக்கொண்டிருந்தார்கள், கழகத்தின் குளிர்கால நிகழ்ச்சிக்கு இன்னும் பத்து நாள். லோசினியக்கா சுவரோரம் வந்து இடது காலைத் தூக்கி மரத்தில் தட்டினா. "தாட்சா, குதிப்பக்கத்து ஸ்குறூ ஒண்டு ஆடுது போல கிடக்கு. சத்தம் கேக்குதோ பார்." டிக். கேட்டது. தெளிவாகக் கேட்டது. இவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "இன்னும் கால் மணித்தியாலம்தானே அக்கா. இறங்கினா நேரம் போயிடும். முடிச்சிட்டுப் பாப்பம்." அவ்வளவுதான். பதினாறு மாதமாக அவள் அந்த வசனத்தைத் திருத்தி எழுதிப் பார்க்கிறாள், சொற்களை இடம் மாற்றிப் பார்க்கிறாள், குரலை இன்னும் மெதுவாக வைத்துப் பார்க்கிறாள், எப்படி வைத்தாலும் கடைசியில் 'முடிச்சிட்டுப் பாப்பம்' என்றுதான் போய் நிற்கிறது. லோசினியக்கா சரி என்றா. அவ எதற்கும் சரி என்பவ. பிறகு பின்பக்கமாக ஒரு வளைவு, இடது காலை வலதுக்கு மேலாகக் கொண்டுவந்து கீழே வைத்தா, உடம்பு ஒரு கணம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, தலையின் பின்பக்கம் ஐஸில் மோதின சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. எழும்பினா. தேத்தண்ணி குடித்தா. தானே கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனா. புதன் பின்னேரம் தலையிடி, வியாழன் ஆஸ்பத்திரி, வெள்ளி முடிந்தது. இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடித்துக்கொண்டிருந்தவ, அதனால் உள்ளே கசிவு நிற்கவில்லை என்று டொக்டர் சொன்னார். எல்லாரும் குளிசையைப் பற்றிக் கதைத்தார்கள். சப்பாத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

டிக். நாடாவை மேல் கொளுக்கி வரைக்கும் இறுக்கி முடித்து எழும்பி ஒரு காலில் பாரத்தைப் போட்டபோது திரும்பவும். இது தலைக்குள் இருக்கிற சத்தம், தெரிந்ததுதானே, விடு. மற்றக் காலுக்கு மாற்றினாள். திரும்ப இடது. டிக். பக்கத்திலிருந்த அறுபது வயதுப் பெண் நிமிர்ந்து பார்த்து, உன்னுடைய பிளேட்டா அது என்று கேட்டாள்.  மற்றவர்களுக்கும் கேட்கிறது. இவ்வளவு நாளும் தனக்கு மட்டும் கேட்டது இன்றைக்கு வெளியே வந்து அறைக்குள் நிற்கிறது. இருந்தாள், நாடாவை அவிழ்த்தாள், கட்டுவதற்குப் பட்ட பாடு முழுக்க ஒரு நிமிடத்தில் போனது, சப்பாத்தைக் கவிழ்த்துப் பெருவிரல் நகத்தைக் குதித் தகட்டில் இருந்த திருகாணியின் தலையில் வைத்தாள். சுற்றியது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றியது, எத்தனை தரம் சுற்றினாலும் பிடிக்காமல். உள்ளே தோல் நைந்து துளை பெருத்துவிட்டது. முன்பக்கம் இருந்தால் கூடப் பரவாயில்லை. குதி. இடது. ஹெதர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். சாணை பிடிக்கிற ஆள் பன்னிரண்டுக்குத்தான் வருவான், யாரிடமாவது திருகாணி முறுக்குகிற திருகி இருக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன், இல்லையென்றால் விலகிக்கொள்வோம் தாட்சா, ஆடுகிற பிளேட்டோடு உன்னை நான் ஐஸில் விடமாட்டேன் என்றாள். விலகிக்கொள்வோம். அந்தச் சொல் எவ்வளவு இதமாக இருந்தது. ஒரு திருகாணி பழுது, நான் என்ன செய்ய, என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறிவிடலாம். பிறகு ஒருநாளும் இந்தச் சப்பாத்தைப் போடவேண்டியதில்லை. அப்போதுதான், திறந்த கதவு வழியாக, நடையில் இருந்த குலசிங்கம் அண்ணை எழும்பி நிற்பதைக் கண்டாள். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் கோட்டின் உட்பொக்கற்றுக்குள் கையை விட்டு ஒரு சின்னத் திருகியை எடுத்தார். ஒரு மனுசன் கோட்டுக்குள், நெஞ்சுப் பக்கத்தில், எதற்காகத் திருகி வைத்திருக்கிறான்?

"கொண்டாங்கோ," என்றார். ஒற்றைச் சப்பாத்தோடும் மற்றக் காலில் வெறும் காலுறையோடும் அவள் நடைக்கு வந்து வாங்கில் இருந்தாள். றப்பர் வழியாகக் குளிர் உள்ளங்காலில் ஏறியது. அவர் சப்பாத்தைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு நாலு திருகாணியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. இயந்திர உதிரிகள் செய்கிற தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்த கை, தடித்த நகம், ஒரு விரல் நுனி கொஞ்சம் தட்டை. "மூண்டு நல்லாக் கிடக்கு. இது மட்டும்தான். துளை பெருத்துப்போச்சு. பல்லுக் குத்திற குச்சி கிடந்தாப் போதும்." நடையின் முடிவில் இருந்த சிற்றுண்டிச் சாலைக்குப் போய் சாண்ட்விச்சில் குத்துகிற குச்சி நாலு வாங்கி வந்தார், தலையில் பச்சை சிவப்புத் தாள் குஞ்சம் வைத்த குச்சிகள். குஞ்சத்தைப் பிய்த்து வாங்கில் வரிசையாக வைத்தார். குச்சியைத் துளைக்குள் விட்டு, முறித்து, இன்னொன்றை விட்டு, முறித்தார். உள்ளே ஒலிபெருக்கி ஒரு பெயரைச் சொன்னது, கை தட்டினார்கள். பத்து இருபத்தெட்டு. அவள் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வேலையை நிறுத்தாமல் கதைத்தார், சப்பாத்தோடு கதைப்பது போல. "அண்டைக்குத் திங்கட்கிழமை பின்னேரம் அவவின்ர சப்பாத்தில நான்தான் ஸ்குறூ மாத்தினனான். குதியில இருந்தது துருப்பிடிச்சுக் கிடந்தது. கடையில குடுப்பம் எண்டவ. இதுக்குப் போய்க் கடையோ எண்டு, கராஜுக்குள்ள தகர டப்பாவுக்குள்ள கிடந்த ஒண்டை எடுத்துப் பூட்டினன்." குச்சி முறிந்தது. "கட்டை ஸ்குறூ. நீளத்தில ஒரு நூல் குறைவு. பூட்டேக்கயே எனக்குத் தெரியும். ரண்டு கிழமைக்குப் போதும், பிறகு நல்லதொண்டு வாங்கிப் போடுவம் எண்டு நினைச்சன். செத்தவீடு முடிஞ்சு சப்பாத்தை எடுத்துப் பாக்கிறன், அந்தத் துளை மட்டும் வெறுமையாக் கிடக்கு. ஒரு ஸ்குறூ விழுந்தா பிளேட் கழராது எண்டு எனக்குத் தெரியும், தாட்சாயினி. ஆனா ஆடும். ஆடினது காணும், அவவை விழுத்த." பிறகு, "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிள்ளையளுக்கும் சொல்லேல்லை. உங்கட காலைப் பாத்துக்கொண்டே இருக்கிறன். நீங்கள் ஐஸில நிக்கேக்க எனக்கு வேறை ஒண்டும் கண்ணுக்குத் தெரியிறேல்லை."

பேசாமல் இருந்தால் போதும். அதுதான் முதலில் வந்தது, அதை அவள் பிற்காலத்தில் ஒருபோதும் தனக்கு மறைக்கவில்லை. அவர் மேல் இரக்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது காற்று, நெஞ்சுக்குள் பதினாறு மாதமாக மூடியிருந்த ஜன்னல் திறந்த மாதிரி: அப்போ, இது இவருடையது. என்னுடையது இல்லை. கட்டைத் திருகாணி, கராஜ், தகர டப்பா, நான் எங்கே அதில் வருகிறேன். அவர் தானாகவே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார், அப்படியே இருக்கட்டும், ஐயோ அண்ணை அப்படிச் சொல்லாதேங்கோ, விதி, குளிசையாலதானே எண்டு டொக்டரே சொன்னவர், என்று நாலு வார்த்தை ஆறுதல் சொன்னால் முடிந்தது, அவரும் தலையாட்டுவார், காரில் திரும்பிப் போகும்போது வீதியைப் பற்றிக் கதைக்கலாம். அந்த நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வந்து அங்கேயே நின்றது. ஏனென்றால் அவர் குனிந்திருந்த தலையின் உச்சியில், மயிர் ஐதாகிப்போன இடத்தில், தோல் தெரிந்தது. சின்னப் பிள்ளையின் தலை மாதிரி. இந்த மனுசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மேல் வரிசையில் இருந்து, ஒவ்வொரு தரமும் அவள் கால் வைக்கும்போது, தன் பெண்சாதி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அதைச் சந்தேகம் என்று நினைத்தாள். அவரைக் கண்டால் ஒளித்தாள், அவருடைய தொலைபேசியை எடுக்காமல் விட்ட நாளும் உண்டு. இப்போது ஆறுதல் சொன்னால் அது இரண்டாவது பொய். முதலாவது பாயசக் கிண்ணத்தோடு. இரண்டாவது குச்சிக் குஞ்சங்களோடு. மூன்றாவது எதனோடு வரும்? "அண்ணை," என்றாள். வாங்கில் கிடந்த பச்சைக் குஞ்சத்தை விரலால் தள்ளிவிட்டாள். "அண்ணை. அக்காவுக்குத் தெரியும்." அவர் நிமிரவில்லை. "ஸ்குறூ ஆடுது எண்டு அக்காவுக்குத் தெரியும். என்னட்ட வந்து சொன்னவ. சத்தத்தைக் கேள் எண்டு காலைத் தட்டிக் காட்டினவ. எனக்கும் கேட்டது. நான்தான் இறங்க விடேல்லை. இன்னும் கால் மணித்தியாலம்தானே, முடிச்சிட்டுப் பாப்பம் எண்டனான். நான் மற்றப் பக்கம் பாக்கேல்லை அண்ணை. எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

அவருடைய கை நின்றது. திருகி துளைக்கு மேலே, தொடாமல், நின்றது. நடையில் ஒரு பெண் பிளேட்டுக்கு மேல் உறை போட்டபடி டக் டக்கென்று நடந்து போனாள், இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். ஹெதர் தூரத்தில் இருந்து விரல்களைக் காட்டினாள், ஐந்து நிமிடம். அவர் திருகாணியை எடுத்துத் துளையில் வைத்தார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. கடைசிச் சுற்று பிடித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. சப்பாத்தை வாங்கில் வைத்தார், அவளுடைய கையில் தரவில்லை. எழும்பி, கோட்டின் தெறிகளைப் போட்டுக்கொண்டு, வெளிக்கதவு இருந்த பக்கம் நடந்து போனார். அவள் சப்பாத்தைப் போட்டாள். நாடாவைக் கட்டினாள். கட்டுமுன் திருப்பிப் பார்க்கலாம், பெருவிரலை வைத்து அமர்த்திப் பார்க்கலாம், சுற்றுகிறதா பிடிக்கிறதா என்று, ஒரு விநாடி வேலை. ஹெதர் வந்து, சரியா என்று கேட்டாள், குனிந்து பிடித்து அசைக்கப் போனாள். சரி, என்று தாட்சாயினி காலை இழுத்துக்கொண்டாள். ஏன் இழுத்தாள்? அவர் பூட்டியதைச் சோதிக்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாளா, இல்லை அவர் பூட்டாமல் விட்டிருந்தால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்தாளா. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன, பிரிக்க நேரமில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், தாட்சாயினி என்ற பெயரை மூன்று துண்டாக உடைத்துக் கூப்பிட்டார்கள்.

ஐஸை அப்போதுதான் வண்டி விட்டு மெழுகியிருந்தார்கள், மேலே மெல்லிய ஈரம், விளக்குகள் தலைகீழாகத் தொங்கின. நடுவில் போய் நின்றாள். மோகனத்தில் ஒரு வயலின், ஹெதருக்குப் பிடித்துத் தெரிவு செய்தது. முதல் தள்ளு வலது காலால், ஆகவே முழுப் பாரமும் இடதில். டிக் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காத்திருந்ததில் தாளம் அரை மாத்திரை பிந்திவிட்டது. நீட்டின காலை உயர்த்த வேண்டிய இடத்தில் இடுப்பளவுக்குக் கூட உயரவில்லை. பரவாயில்லை, போ. அரைச் சுற்றுப் பாய்ச்சல் இடதிலிருந்து ஏறி வலதில் இறங்க வேண்டும், ஏறினாள், ஒரு கணம் எதுவும் காலைத் தொடவில்லை, இறங்கினாள், நின்றாள். பிறகு பின்பக்கம். முதுகுக்குப் பின்னால் எல்லாம் திறந்து கிடந்தது, சுவர், மேசை, மதிப்பெண் போடுகிறவர்கள், பதினாறு மாதம். இந்த வளைவில்தான் இடது காலை வலதுக்கு மேலாகக் கொண்டுவந்து கீழே வைக்க வேண்டும். பயிற்சியில் ஒவ்வொரு தரமும் இந்த இடத்தில் அவள் திருடுவாள், காலை அரைகுறையாக வைத்துப் பாரத்தை மாற்றாமல் தப்பிவிடுவாள், ஹெதர் அதற்காக எவ்வளவு கத்தியிருக்கிறாள். இன்றைக்கு வைத்தாள். முழங்காலை மடித்து, முழு உடம்பையும் அந்தக் குதியின் மேல் இருத்தினாள். பிளேட் ஐஸை வெட்டுகிற சத்தம் கேட்டது, நீளமாக, சீராக, துணி கிழிகிற மாதிரி. வேறொன்றும் கேட்கவில்லை. சுழலில் மூன்று சுற்று வேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்தது, கடைசியில் இசை முடிந்தபிறகும் அவளுடைய கை மேலே போய்க்கொண்டிருந்தது. ஐந்து பேரில் நாலாவதாக வந்தாள். குனிந்து வணங்கும்போது மேல் வரிசையைப் பார்த்தாள். அங்கே ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் பொரித்த கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் போயிருப்பார் என்றுதான் நினைத்தாள். சட்டைக்கு மேல் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, சிவபாலனுக்கு என்ன சொல்லி வரச் சொல்வது என்று யோசித்தபடி வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தாள். மார்ச் மாத வெயில், ஓரங்களில் அழுக்குப் பனிக் குவியல். கார் நின்ற இடத்திலேயே நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் சுக்கானில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவருகே போய் நின்றாள், திறக்கத் துணியவில்லை. அவர் உள்ளேயிருந்து எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். ஏறி இருந்தாள். சூடு முகத்தில் அடித்தது. அவருடைய கண்கள் சிவந்து கிடந்தன. கோபமா, அழுகையா, கேட்கிற இடத்தில் அவள் இல்லை. "அண்ணை, நான்..." என்று தொடங்கினாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.  பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே, "அவ விழுந்தாப் பிறகு உடனை எழும்பினவவோ?" என்று கேட்டார். "இல்லை." "பிறகு?" தாட்சாயினி கண்ணை மூடினாள். இந்த இடத்துக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை, எப்போதும் அந்த மோதலோடு நின்று திரும்பிவிடுவாள். "மல்லாந்து கிடந்தவ. நான் ஓடிப்போய்க் குனிஞ்சன். மேல பாத்துச் சிரிச்சவ. தோள் குலுங்கினது. எழும்புங்கோ அக்கா எண்டன். 'பொறடி. முதுகுக்கு நல்ல குளிராக் கிடக்கு. மேல ஒரு பலூன் மாட்டுப்பட்டுக் கிடக்குது பார், ஆரோ பிள்ளையின்ர பிறந்தநாள்,' எண்டவ. நானும் நிமிர்ந்து பாத்தன். மஞ்சள் பலூன். கொஞ்ச நேரம் ரண்டு பேரும் அதைப் பாத்துக்கொண்டு இருந்தம்."  அவர் கையை நீட்டி, காற்றாடியின் இரைச்சல் குறுக்கே நிற்கிறது என்பது போல, சூட்டை நிறுத்தினார். இயந்திரத்தையும் நிறுத்தினார். காருக்குள் சத்தமே இல்லாமல் போனது.

"சொல்லுங்கோ," என்றார். "தேத்தண்ணி குடிச்சவ எண்டு அண்டைக்கு ஆஸ்பத்திரியில சொன்னியள். ஆர் வாங்கினது? எந்தக் கதிரையில இருந்தவ? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."